கட்டும் பந்தமும்

ஆங்கிலத்திலே 'பைண்ட்' என்றொரு வினைச்சொல் உண்டு. அகராதி அதற்குக் 'கட்டு' என்று பொருள் தரும். அந்த ஒரு பொருளோடு நின்றுவிட்டால் இடர்ப்பட நேரும் என்பதை மொழிபெயர்ப்புப் பயிற்சியின்போது என் மாணவரிடம் அடிக்கடி காண்கிறேன்.

விறகைக் கட்டுவதும் காயத்துக்குத் துணி சுற்றுவதும் நூலுக்கு மட்டை கட்டுவதும் பைண்ட்தான். சட்டமோ வாக்குறுதியோ ஒருவரைக் கட்டுப்படுத்துவதையும் அச்சொல்லே குறிக்கும். அதன் இறந்தகால வடிவம் 'பவுண்ட்'. ஒருவன் வெல்வதற்கு 'பவுண்ட்' என்றால், நிச்சயம் வெல்வான் என்பது கருத்து. கப்பலொன்று திருகோணமலைக்கு 'பவுண்ட்' என்றாலோ, அது அத்துறைமுகம் நோக்கிச் செல்கிறது. எவரும் அதைக் கட்டிவைக்கவில்லை. உண்மையில் இந்தப் பவுண்ட், பழைய நோர்ஸ் மொழிவழி வந்த, 'ஆயத்தமான' எனப் பொருள்படும் வேறொரு சொல்.

மறுபுறம், நமது 'கட்டு' செய்யும் வேலை யாவற்றையும் பைண்ட் செய்யாது. வீடு கட்டுகிறோம், பணம் கட்டுகிறோம், கதை கட்டுகிறோம். இவற்றுக்கு ஆங்கிலத்தில் வேறு சொற்களே வேண்டும்.

சுவையான செய்தியொன்று. 1786இல் சேர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் ஆற்றிய உரையில், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்றார். ஆங்கிலமும் அக்குடும்பத்ததே. வடமொழியின் 'பந்த்' என்ற வேரும் பைண்டும் உடன்பிறப்புகள். பந்தம், சம்பந்தம், நிபந்தனை, பிரபந்தம் எல்லாம் அவ்வேர்வழி தமிழுக்கு வந்தவை. பிரபந்தம் என்றால் நன்கு கட்டப்பட்டது. நமது 'யாப்பு' என்பதற்கும் கட்டு என்றே பொருள். குடும்பத்தால் வேறுபட்ட இரு மொழிகளும் செய்யுளைக் கட்டாகவே கண்டிருக்கின்றன!

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. எனினும் கடன் ஒப்பந்தமோ பிணைப் பத்திரமோ ஆங்கிலத்தில் நம் கைக்கு வரக்கூடும். அங்கே இச்சொல் நின்றால், ஒப்பமிடுபவர் கட்டுண்டார் என்பதே பொருள். பிறருக்காகப் பிணை நின்றவர், கடனாளி செலுத்தாதபோது தாமே செலுத்த நேரிடும். பந்தத்தை எண்ணி ஒப்பமிட்டவர் நிபந்தனைக்குள் அகப்படுவது இவ்வாறுதான்.

ஆகவே நேயர்களே, இச்சொல்லைக் கண்டால் யாரைக் கட்டுகிறது, எதனோடு கட்டுகிறது, எதுவரை கட்டுகிறது என்ற மூன்று வினாக்களைக் கேளுங்கள். விடை தெளிந்த பின்பு பேனாவை எடுங்கள்.