சிகரெட்டை விட்ட பிறகு வரும் இருமல்

(கிளைக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



"சிகரெட்டை விட்டேன் டாக்டர், அப்புறம்தான் இருமலே அதிகமாச்சு. பேசாமல் மறுபடி பிடிக்கலாம்னு தோணறது" என்று பலர் சொல்வதுண்டு. இன்று அதற்குப் பதில் சொல்கிறேன்.

மூச்சுக்குழாயின் உட்புறம் நுண்ணிய இழைகள் உண்டு. தூசியையும் சளியையும் மேலே தள்ளுவது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்குகிறது. குழாயின் சுவர் அழற்சியால் வீங்கிச் சளி அதிகம் சுரக்கிறது. புகையை விட்டதும் இழைகள் மீண்டும் இயங்கி, தேங்கிய சளியை வெளியேற்றுகின்றன. சில வாரம் வரும் அந்த இருமல், ஒட்டடை அடிக்கும்போது பறக்கும் தூசி மாதிரி. பயந்துகொண்டு பழைய பழக்கத்துக்குத் திரும்பாதீர்கள். ஆனால் இருமல் நீடித்தாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

அழற்சி முழுவதும் போய்விடுமா? நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சி.ஓ.பி.டி.) வந்துவிட்டவர்களுக்கு ஓரளவு தங்கிவிடுகிறது. இழந்த திறனும் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆனால் மேலும் இழப்பது குறைகிறது. ஆரம்பநிலை நோயாளிகளை 11 ஆண்டுகள் கவனித்து 2002-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், தொடர்ந்து புகைத்த ஆண்கள் முதல் விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்று வருடத்துக்குச் சுமார் 66 மி.லி. குறைந்தது, விட்டவர்களுக்குச் சுமார் 30 மி.லி.தான்.

"வயசான பிறகு விட்டு என்ன பிரயோஜனம்?" என்று கேட்க வேண்டாம். பிரிட்டிஷ் டாக்டர்களை 50 ஆண்டுகள் கவனித்த ஆய்வில் (2004), 60 வயதில் விட்டவர்களுக்கும் ஆயுள் சுமார் 3 ஆண்டு கூடியது.

சஷ்டியப்தபூர்த்தி செய்துகொள்ளும் அன்பர்கள், அன்றே இந்தச் சங்கல்பத்தையும் செய்துகொள்ளலாமே!