பீனிசத்தின் வேடத்தில் ஒரு புற்றுநோய்



மூக்கடைப்பும் முகவலியும் எவருக்கும் வருபவை. பீனிசம் என்பார் வைத்தியர். பெரும்பாலும் அது பிழையாவதில்லை. ஆயினும், ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்து, இரத்தம் கசிந்து, கண்ணிமை வீங்கி, பார்வையும் இரட்டையாகுமாயின், அங்கே அரியதொரு நிணநீர்ப் புற்றுநோய் ஒளிந்திருத்தல் கூடும்.

மூக்கையும் முகத்தையும் விரைந்து அரிக்கும் நோயொன்றை 1897ஆம் ஆண்டிலேயே மக்பிரைட் என்னும் வைத்தியர் விவரித்தார். அத்தகைய நோயின் மெய்யுருவம் புலப்பட நெடுங்காலம் சென்றது. உடலைக் காக்கவேண்டிய ‘இயற்கைக் கொல்லிக் கலங்களே’ பெரும்பாலும் நெறி பிறழ்ந்து பெருகுகின்றன. 1964இல் கண்டறியப்பட்ட எப்ஸ்ரைன்-பார் வைரசு அக்கலங்களுள் குடியிருக்கின்றது. கிழக்காசியாவிலும் தென்னமெரிக்காவிலும் இந்நோய் சற்று மிகுதி.

ஸ்ரெரோயிட்டு மருந்து கொடுத்தால் வீக்கம் சில நாள் வற்றும். நோய் தீர்ந்ததென மனம் ஆறும். பின்னர் அது மீளும். மேலும், இந்நோய் இரத்தக் குழாய்களைச் சிதைத்து இழையத்தை மடியச் செய்வது. ஆதலால், மேலாகக் கிள்ளியெடுத்த துண்டில் செத்த இழையமும் அழற்சியுமே நுணுக்குக்காட்டியிற் தெரியக்கூடும். ‘புற்றுநோய் இல்லை’ என்னும் முதல் விடை முடிந்த விடையன்று. ஐயம் நீங்காவிடின் ஆழத்திலிருந்து மீண்டும் இழையம் எடுத்து, வைரசின் தடயத்தையும் தேடுதல் வேண்டும்.

நோய் மூக்களவில் நிற்கையிற் கண்டால், கதிர்ச் சிகிச்சையும் அஸ்பரஜினேசு சேர்ந்த மருந்துகளும் பலரைக் காக்கின்றன. பரவியபின் காத்தல் அரிது.

விடை பொருந்தாதபோது நல்ல மாணவன் கணக்கை முதலிலிருந்து பார்க்கின்றான். மருந்து பொருந்தாதபோது வைத்தியரும் அவ்வாறே பார்த்தல் வேண்டும். நோயாளியும் மறுபடி சென்று காட்டத் தயங்கலாகாது.