பாறையின் குணமறிந்து எண்ணெய் எடுத்தல்



எண்ணெய்க் கிணறு என்றதும், துளை போட்டவுடன் பீறிட்டு எழும் கறுப்பு ஊற்றுதான் நம் நினைவுக்கு வருகிறது. கன எண்ணெய் அப்படி எழாது. பாகு போலக் கெட்டியாகப் பாறையைப் பற்றிக்கொண்டு கிடக்கும். அதை இளக்கி எடுக்கப் பல வழிகள் உண்டு. அவற்றுள் சில, எண்ணெயை எடுக்கும்போதே பாறையைக் கெடுத்துவிடும். எனவே ஒரு வழியைத் தேர்வதற்கு முன், அந்தப் பாறை எதைத் தாங்காது என்று அறிய வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

நம் மண் தரும் பாடம்

1862-இல் புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு நம் அரியலூர்ப் பகுதியின் கிரெட்டேசியஸ் காலப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார். இங்கே வெயிலில் காய்ந்து கிடக்கும் அதே காலத்துப் பாறைகள், கிழக்கே காவிரி டெல்டாவுக்கு அடியில் ஆழப் புதைந்திருக்கின்றன. அங்குள்ள அடுக்கு ஒன்றுக்கு எண்ணெய்த் துறையினர் வைத்த பெயர், நம் அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம். ஆனால் காவிரிப் படுகையில் நரிமணம் போன்ற வயல்களில் கிடைப்பது இலகுவான எண்ணெய். கன எண்ணெயைப் பார்க்கக் குஜராத்தின் மெஹ்சானாவுக்கும் ராஜஸ்தானின் பாகேவாலாவுக்கும் போக வேண்டும். அதை எப்படி எடுப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை நம் கரிசல் காட்டிலேயே இருக்கிறது.

கோடையில் நம் பகுதியின் குன்னம் பக்கத்துக் கரிசலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். ஐப்பசி மழை இறங்கியதும் மண் ஊதி வெடிப்பு மூடிக்கொள்ளும். பிறகு பெய்யும் மழை எளிதில் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கும். ஸ்மெக்டைட் என்னும் களிமண் வகை தன் ஏடுகளுக்கு இடையே நீரை வாங்கி உப்புவதுதான் இதற்குக் காரணம்.

எண்ணெய் தேங்கிய மணற்பாறையின் நுண்துளைகளிலும் இதே களிமண் படிந்திருப்பதுண்டு. பாறையில் ஊறிய உப்புநீர் அதை அடக்கி வைத்திருக்கும். அங்கே நன்னீர் புகுந்தால் களிமண் உப்பித் துளைகளை அடைக்கும். கயோலினைட் போன்ற வேறு களிமண் துகள்கள் பெயர்ந்து போய் இடுக்குகளில் சிக்கும். எண்ணெயில் கரைந்திருக்கும் அஸ்பால்டீன், கார்பன்-டை-ஆக்சைடைச் செலுத்தும்போது பிரிந்து படியக்கூடும். பாறை இறுகாமல் இருந்தால் மணலே எண்ணெயோடு கிணற்றுக்குள் வந்துவிடும்.

நீராவியும் நன்னீரும்

கன எண்ணெய் என்றதும் பொறியாளர் முதலில் எண்ணுவது நீராவியை. சூடு பட்டால் எண்ணெய் இளகும் என்பது உண்மை. ஆனால் பாறைக்குள் குளிர்ந்த நீராவி நன்னீராகிறது. களிமண் மிகுந்த பாறைக்கு ஆகாததும் அந்த நன்னீர்தான்.

இதை முன்கூட்டியே கண்டறியும் சோதனை எளியது. கிணற்றிலிருந்து உருவி எடுத்த பாறைத் துண்டில், அதாவது கோர் மாதிரியில், கட்டைவிரல் அளவுள்ள ஓர் உருளையை வெட்டுவார்கள். அதன் வழியே முதலில் உப்புநீரைச் செலுத்தி, உப்பைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் நன்னீரை விடுவார்கள். நன்னீரைத் தாங்காத பாறையானால் ஒரு கட்டத்தில் நீர் சொட்டுவது மெலியும், அழுத்தமானியின் முள் ஏறும். பல நேரங்களில் மீண்டும் உப்புநீரை விட்டாலும் பழைய ஓட்டம் முழுதாகத் திரும்பாது. உருளைக்கு நேர்ந்தது வயலுக்கும் நேரலாம்.

மெஹ்சானாவில் எடுத்த முடிவு

களிமண் மட்டுமே முடிவைத் தீர்மானிப்பதில்லை; ஆழத்தையும் நீரடுக்கையும் பார்க்க வேண்டும். மெஹ்சானாவின் பலோல் வயலில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் கன எண்ணெய் இருக்கிறது. அதை ஒட்டி வலுவான நீரடுக்கும் உண்டு. எண்ணெய் மெல்ல நகர, நீர் அதை முந்திக்கொண்டு கிணற்றுக்குள் வந்தது. நீராவியை அனுப்பினால் அவ்வளவு ஆழம் இறங்குவதற்குள் சூட்டில் ஒரு பங்கு போய்விடும். மிச்சத்தையும் நீரடுக்கு குடித்துவிடும். எனவே ஓஎன்ஜிசி பாறைக்குள்ளேயே தீ மூட்டும் முறையைத் தேர்ந்தது. காற்றைச் செலுத்தி எண்ணெயின் கனமான ஒரு பகுதியை எரித்தால், அந்தச் சூடு முன்னால் உள்ள எண்ணெயை இளக்கும். எரிவதால் உண்டாகும் வாயுக்கள் அதைத் தள்ளும். 1990-இல் முன்னோட்டம் தொடங்கியது. 1997-இல் பலோல், சந்தால் வயல்களில் வணிக அளவில் விரிந்தது. தீக்கும் விலை உண்டு: குழாய் அரிப்பு, பிரிக்கக் கடினமான எண்ணெய்-நீர்க் குழம்பு, கிணற்றுக்கு முந்தி வரும் வாயு. அவற்றையும் எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும்.

பாகேவாலாவில் ஆயில் இந்தியா நிறுவனம், ஒரே கிணற்றில் நீராவியைச் செலுத்தி, ஊற விட்டு, பின் எண்ணெய் எடுக்கும் முறையைக் கையாள்கிறது. கனடாவின் பெலிகன் லேக்கில் எண்ணெய் அடுக்கு மெலிது, நீராவி கட்டுப்படியாகாது. அங்கே 2005-இல் பாலிமர் கரைத்த கெட்டி நீரைச் செலுத்திப் பார்த்தார்கள். மூன்று இடங்கள், மூன்று விடைகள். ஓரிடத்தில் வென்றதை இன்னோரிடத்துக்கு அப்படியே தூக்கிச் செல்ல முடியாது.

மாணவர்களுக்கு

முதலில் களிமண்ணின் வகையையும் அளவையும் பாருங்கள். அடுத்து பாறையில் ஊறிய நீரின் உப்பு, எண்ணெயின் பாகுநிலை, அதன்பின் ஆழமும் தடிமனும் நீரடுக்கும். செலவுக் கணக்கும், வெளிவரும் உப்புநீரை வயலும் கிணற்றுப் பாசனமும் கெடாமல் எங்கே விடுவது என்ற கணக்கும் சேர்ந்தே வர வேண்டும். இவை எல்லாம் தெரிந்த பிறகே முறைக்குப் பெயர் சூட்டுங்கள்.

நம் பகுதியின் காரை என்னும் ஊருக்குப் போய் அங்குள்ள களிப்பாறையைத் தொட்டுப் பாருங்கள். உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அதை உப்புநீரிலும் நன்னீரிலும் போட்டுச் சோதியுங்கள். நாளை எந்த வயலின் திட்ட அறிக்கை உங்கள் மேசைக்கு வந்தாலும், கோர் சோதனையின் முடிவைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.