உப்புக் காற்றும் பழைய மோட்டார் சைக்கிளும்

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலை, நீர்கொழும்பைத் தாண்டித் தென்னந்தோட்டங்களின் நடுவே சிலாபத்தை அடைகிறது. அங்கிருந்து முந்தல் வழியாகச் சென்று புத்தளத்தில் முடிகிறது. மேற்கே கடலும் களப்பும் மாறி மாறித் தோன்றும். புத்தளத்தை நெருங்கும்போது, வெயிலில் மின்னும் உப்பளங்கள் கண்ணைப் பறிக்கும். உப்பு இக்கரையில் வாழும் பலருக்குச் சோறு போடுகிறது. அதே உப்பு அவர்களுடைய இரும்பைத் தின்கிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் வீட்டுக் கூரையின் ஆணி முதல் கிணற்று வாளியின் பிடி வரையில் யாவும் துருவேறுகின்றன. இத்தகைய கரையிலே, அறுபது எழுபது ஆண்டு கடந்த பிரித்தானிய மோட்டார் சைக்கிளையும் ஸ்கூட்டரையும் பேணி ஓட்ட விரும்புவது வேடிக்கையான ஆசையாகவே தோன்றலாம். ஆயினும் அந்த ஆசைக்குப் பின்னே ஒரு நீண்ட வரலாறும், சிந்திக்கத்தக்க ஒரு கேள்வியும் உள்ளன.

இந்த இயந்திரங்கள் இங்கு வந்த காலம் இலங்கை பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்த காலம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை புத்தளத்தில் ஒரு விமானத் தளம் அமைத்திருந்தது. அங்கே விமானங்களை இழுப்பதற்கு யானைகளைப் பயன்படுத்தினார்கள் என்பதற்குப் புகைப்படங்களே சான்று. யானையும் இயந்திரமும் ஒருங்கே உழைத்த காலம் அது. அதே போருக்காகப் பர்மிங்ஹாம் நகரத்து பி.எஸ்.ஏ. கம்பெனி எம்-20 என்னும் மோட்டார் சைக்கிளை ஏறக்குறைய 1,26,000 என்ற அளவில் செய்து கொடுத்தது. 1948 ஆம் ஆண்டில் இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னரும் வாகனங்கள் பிரித்தானியாவிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தன. பி.எஸ்.ஏ., டிரையம்ப், நார்ட்டன், மாட்ச்லெஸ், ராயல் என்ஃபீல்ட் என்னும் பெயர்கள் முதியவர்களின் நாவில் இன்றும் புழங்குகின்றன. ஸ்கூட்டரிலும் பிரித்தானியாவுக்குப் பங்கு உண்டு. வெஸ்பா இத்தாலியிலே பிறந்தது. ஆனால் பிரிஸ்டல் நகரத்து டக்ளஸ் கம்பெனி 1951 முதல் அதை உரிமம் பெற்று இங்கிலாந்திலேயே செய்தது.

இவற்றுள் எளியவர்களின் வண்டி என்று சொல்லத்தக்கது பி.எஸ்.ஏ. பாண்டம். 1948 இல் வெளிவந்த இச்சிறு வண்டி 1971 வரை தயாரிக்கப்பட்டது. இதன் பூர்வீகம் சுவையானது. போருக்கு முன் ஜெர்மனியில் டி.கே.டபிள்யூ. கம்பெனி வகுத்த ஆர்.டி.125 என்னும் வண்டியின் வரைபடங்கள், போரில் வென்ற நாடுகளின் கைக்குப் போர் இழப்பீடாகக் கிடைத்தன. அவற்றை வைத்தே, இடப்புறம் வலப்புறமாக மாற்றி, பாண்டத்தை உருவாக்கினார்கள். ஜப்பானிய யமஹா கம்பெனி 1955 இல் செய்த முதல் மோட்டார் சைக்கிளும் அதே ஜெர்மன் வண்டியைப் பின்பற்றியதே. பிற்காலத்தில் ஜப்பானிய வண்டிகள் பிரித்தானிய வண்டிகளைச் சந்தையிலிருந்து துரத்தியபோது, ஒரே பாட்டன் வழி வந்த பேரர்களே ஒருவரோடொருவர் போட்டியிட்டார்கள் என்று கொள்ளலாம்.

பழைய வண்டியைப் பேணும் பழக்கம் இலங்கையில் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை, தேவையாகத் தொடங்கியது. 1960-களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருந்த வண்டியை ஓட்டுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. தேய்ந்த பாகத்தை நிரப்பிக் கடைவதும், உடைந்ததை ஒட்டுவதும், கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தேடி அலைவதும் அக்காலத்து மெக்கானிக்கின் கல்வியாயின. 1990-களில் வடக்கே எரிபொருள் தடை நிலவியபோது, சிறிது பெற்றோலில் இயந்திரத்தை முடுக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரங்கள் அதற்கு இணங்கின. 2020 இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு 2025 இல் திறக்கப்பட்டது. அந்த இடைக்காலத்திலும், பழையதைப் பேணத் தெரிந்தவரின் அருமை மறுபடியும் விளங்கியது.

இப்பொழுது ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். முந்தலுக்கு அருகே, பாட்டனார் விட்டுச்சென்ற கொட்டிலில், கிடுகுகளுக்கும் பழைய வலைகளுக்கும் அடியில் அவன் ஒரு பாண்டம் வண்டியைக் காண்கிறான். பழைய இரும்பு வாங்க வருபவர், “தம்பி, இது இனி ஓடாது; நிறுத்துத் தந்துவிடுங்கள்” என்கிறார். அவனோ அதை ஓட்டிப் பார்க்க விரும்புகிறான். அவன் முதலில் அறிய வேண்டியது உப்பின் இயல்பு.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்புக் கலந்த நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துவதால், அந்த மாற்றத்தை அது பன்மடங்கு விரைவாக்குகிறது. குரோம் முலாம் பார்வைக்கு உறுதியானது. ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே இறங்கும் உப்பீரம் அடியிலுள்ள இரும்பை அரிக்க, முலாம் மேலே கொப்புளமாகக் கிளம்புகிறது. அலுமினியமும் எஃகும் சேருமிடத்தில் வேறொரு தொல்லை. அங்கே அலுமினியமே முதலில் அரிக்கப்பட்டு, எஃகு ஆணியை அசையவொட்டாமல் பற்றிக்கொள்ளும். ஆகையால் இக்கரையில் வண்டி வைத்திருப்பவர், சவாரி முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைப்பதும், ஒவ்வோர் ஆணியையும் கிரீஸ் தடவியே பூட்டுவதும், வண்டியைக் காற்றோட்டமுள்ள இடத்தில் நிறுத்துவதும் அவசியம். கனத்த தார்ப்பாயால் இறுக மூடிவைப்பது பாதுகாப்பன்று. உள்ளே ஈரத்தை அது சிறைப்படுத்தும்.

இரண்டாவதாக அவன் அறிய வேண்டியது சாவிகளின் கணக்கு. இன்றைய கராஜ்களில் உள்ளவை மில்லிமீற்றர் அளவுச் சாவிகள். பழைய பிரித்தானிய வண்டிகளின் ஆணிகளோ விட்வர்த் முதலிய பழைய அளவுகளைச் சேர்ந்தவை. ஜோசப் விட்வர்த் என்னும் பொறியாளர் 1841 இல் வகுத்த அம்முறையில் திருகுப் புரியின் கோணம் 55 பாகை. மில்லிமீற்றர் முறையில் அது 60 பாகை. ஏறக்குறையப் பொருந்துகின்ற சாவியைப் போட்டு முறுக்கினால் ஆணியின் தலை மழுங்கும். ஏறக்குறையப் பொருந்துகின்ற ஆணியை வலிந்து ஏற்றினால் இயந்திரத்தின் உடம்பிலுள்ள புரியே அழியும். துரு பத்தாண்டில் செய்யும் கேட்டைப் பொறுமையற்ற கை பத்து நிமிடத்தில் செய்துவிடும். மின்சார இணைப்பிலும் இத்தகைய பொறி உண்டு. அக்காலத்துப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடம்போடு சேர்க்கப்பட்டிருக்கும். இன்றைய வழக்கம் இதற்கு நேர்மாறு. வழக்கப்படி மாற்றி இணைப்பவர் உட்கருவிகளை எரித்துவிடுவார்.

இவையெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவை. கடினமானது மூன்றாவது கேள்வி: எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது? நகரத்துக்குக் கொண்டுபோய்ப் புதிய முலாமும் கண்ணாடி போன்ற வர்ணமும் பூசி, கிடைத்த பாகங்களையெல்லாம் பொருத்தி, கடையிலிருந்து நேற்று வந்ததுபோல் நிறுத்திவிடலாம். சிலர் மூன்று வண்டிகளைப் பிரித்து ஒன்றாகச் சேர்க்கிறார்கள். பார்ப்பவர் பாராட்டுவர். ஆனால் சட்டத்திலும் இயந்திரத்திலும் வெட்டப்பட்ட இலக்கங்களே ஒரு வண்டியின் பிறப்புச் சான்று. பதிவுப் புத்தகத்தோடு அவை ஒத்துவராவிட்டால், அந்த வண்டி யாருடையது என்று சொல்ல வழியில்லை. சுரண்டி வர்ணம் பூசும் வேகத்தில் அந்த இலக்கங்களைத் தேய்த்துவிட்டால் எந்தப் பணத்தாலும் அவற்றை மீட்க முடியாது.

இலக்கத் தகடும் அவ்வாறே. முற்காலத்து வண்டிகள் ஆங்கில எழுத்துக்களைத் தாங்கின. 1950-களின் பிற்பகுதியில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் புகுந்தது. 1958 இல் அதை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளில் போராட்டம் எழுந்தது. ஆகவே ஒரு பழைய தகடு, வண்டி எந்தக் காலத்தில் ஓடியது என்பதை மட்டுமன்றி, அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்கிறது. புத்தளத்து மண்ணில் இதற்கு மற்றொரு பொருளும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பாலோர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தார்கள். சேர்த்த பொருளையெல்லாம் விட்டுவிட்டே வந்தார்கள். பாட்டனார் ஓட்டிய வண்டி இன்றும் வீட்டில் நிற்பது எல்லோருக்கும் வாய்த்த பேறன்று என்பதை இம்மாவட்டத்தாருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே அந்த இளைஞன் செய்யத்தக்கது யாது? துருவை நிறுத்த வேண்டும். தடை, சக்கரம், கைப்பிடி ஆகிய உயிர்காக்கும் பாகங்களைத் தயக்கமின்றிச் சீராக்க வேண்டும். மற்றவற்றில் தேய்ந்ததைத் தேய்ந்ததாகவே விடலாம். பாட்டனாரின் முழங்கால் உரசி வர்ணம் போன இடம் பழுதன்று. அது அவர் கையொப்பம். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்து, கழற்றிய ஒவ்வோர் ஆணியையும் பெயரெழுதிய டப்பாவில் இட்டு வைத்தால், பாதி வேலை முடிந்தது எனலாம்.

பாகங்களைவிட அருகி வருவது கைத்திறன். பி.எஸ்.ஏ. தொழிற்சாலை 1970-களின் தொடக்கத்தில் ஓய்ந்தது; பிரித்தானியாவில் ராயல் என்ஃபீல்டின் உற்பத்தி 1970 இல் முடிந்தது. ஆனால் 1955 இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா கம்பெனி, திருவொற்றியூரில் புல்லட் வண்டியைத் தொடர்ந்து செய்தது. தாய்நாட்டில் அற்றுப்போன தொழில் தமிழ்நாட்டில் பிழைத்தது. அது பிழைத்ததற்குக் காரணம், அதைச் செய்யும் கைகள் ஒரு நாளும் ஓயாமையே. புத்தளத்திலும் சிலாபத்திலும் விட்வர்த் சாவியைக் கண் மூடித் தேர்ந்தெடுக்கக் கூடிய முதிய மெக்கானிக் எவரேனும் இருப்பாராயின், அவரிடம் இப்பொழுதே சென்று அமர்ந்து கற்பது நன்று. உப்பு அரித்த இரும்பை ஒருவாறு திருத்திவிடலாம். அவரோடு மறையும் அறிவைப் பஞ்சிகாவத்தையிலும் வாங்க முடியாது.