சேர்ந்து செய்யும் தொண்டு

புனே நகரின் கன்டோன்மென்ட் பகுதியிலுள்ள புனித மரியாள் ஆலயத்தை 1825-ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்தவர் பிஷப் ரெஜினால்டு ஹீபர். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் திருச்சிராப்பள்ளியில் காலமானார். அங்குள்ள பிஷப் ஹீபர் கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மராட்டிய மண்ணையும் தமிழ் மண்ணையும் இணைக்கும் கிறிஸ்தவத் தொடர்பு அவ்வளவு பழமையானது. ஓர் ஊரிலுள்ள பல சபையினரும் சேர்ந்து அவ்வூராருக்குத் தொண்டு செய்வது எவ்வாறு என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்டு மிஷன்கள் ஒன்றன் எல்லையில் மற்றொன்று புகாதிருக்க வட்டாரங்களைப் பங்கிட்டுக்கொண்டன. திருநெல்வேலியார் பெரும்பாலும் ஆங்கிலிக்கன் சபையினராயினர். நாகர்கோவிலார் லண்டன் மிஷனையும், மதுரையார் அமெரிக்க மிஷனையும், தரங்கம்பாடிப் பக்கத்தார் லுத்தரன் சபையையும் சேர்ந்தனர். ஆகவே ஒருவருடைய சபையைப் பெரும்பாலும் அவர் பிறந்த ஊரே தீர்மானித்தது. சொந்த ஊரில் இப்பிரிவு கண்ணில் படுவதில்லை. பிழைப்பை நாடிப் புனேக்கு வந்து ஒரே தெருவில் குடியேறும்போதுதான் அது வெளிப்படுகிறது.

இப்பிரிவைத் தமிழ் மண்ணிலேயே சிலர் உணர்ந்தனர். 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய, பெரும்பாலும் இந்தியரான குருமார்கள் சபைகள் ஒன்றுபட வேண்டுமென்று அறிக்கை விடுத்தனர். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பிஷப் அசரியா அவர்களில் முன்னின்றவர். இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1947 செப்டம்பர் 27-ஆம் நாள், சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 1970 நவம்பர் 29-இல் நாகபுரியில் ஆறு சபைகள் இணைந்து வட இந்தியத் திருச்சபை ஆயின. எனினும் லுத்தரன் சபையினரில் பெரும்பாலாரும் கத்தோலிக்கரும் பிறரும் இவ்விணைப்புகளுக்கு வெளியிலேயே நின்றனர். நிர்வாக இணைப்புக்குத் தலைமுறைகள் தேவைப்படலாம். நோயும் வறுமையும் அதுவரை காத்திரா.

தொண்டு அந்த இணைப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு வேலூர் சான்று. 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையுடன் தொடங்கிய வைத்தியசாலை, பல சபைகள் தோள் கொடுத்ததால் பெரிய மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. புனேயிலும் ஒரு சான்று உண்டு. ஜாக் வின்ஸ்லோ நிறுவிய கிறிஸ்த பிரேம சேவா ஆசிரமத்தில், 1972 முதல் ஆங்கிலிக்கன் கன்னியரும் கத்தோலிக்கக் கன்னியரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து ஜபம் செய்தனர். நற்கருணையில் ஒன்றாகப் பங்குபெறக் கத்தோலிக்கச் சட்டம் பொதுவாக இடந்தருவதில்லை. ஆயினும் அன்றாட வாழ்க்கையில் ஒன்றுபட அது அவர்களுக்குத் தடையாகவில்லை.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? எந்தச் சபைக்கும் தனியுரிமை இல்லாத ஒரு தேவையை முதலில் கண்டறிய வேண்டும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்குத் தோன்றுவது ஒன்று: ஊரிலிருந்து புதிதாக வந்த தொழிலாளி நோயுற்று மருத்துவமனைக்குச் செல்கிறார். மருத்துவர் மராத்தியில் கேட்பது அவருக்கு விளங்குவதில்லை; அவர் தமிழில் சொல்லும் வலி மருத்துவருக்கு விளங்குவதில்லை. இரு மொழியும் அறிந்த ஒருவர் அருகில் இருந்தால் அவர் உயிரே காப்பாற்றப்படலாம். நான்கு சபையினர் முறை வைத்துக்கொண்டால் வாரம் முழுவதும் இதைச் செய்ய முடியும். ஒரு சபையால் தனித்துச் செய்வது கடினம்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பொதுப்பணத்தின் கணக்கை எல்லாச் சபையாரும் கேட்கப் படிக்க வேண்டும். பல கூட்டுறவுகள் கருத்து வேற்றுமையால் அல்ல, கணக்கு மறைப்பதாலேயே முறிகின்றன. மற்றொன்று, உதவி பெறுபவர் இந்துவாயினும் இஸ்லாமியராயினும், தமிழராயினும் மராட்டியராயினும், அவ்வுதவிக்கு மறைவான விலை இருக்கலாகாது. விலை உண்டென்ற சந்தேகம் ஒருமுறை எழுந்துவிட்டால், பின்னர் எத்தனை நன்மை செய்தாலும் அயலார் கதவு திறக்காது. விலையின்றிச் செய்த உதவியோ, சொல்லாமலே செய்தவர் யாரென்பதை உணர்த்திவிடும்.

ஆகவே பெரிய மாநாடு ஒன்றைக் கூட்டித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. பக்கத்துச் சபையாரிடம் சென்று, இவ்வாரம் மருத்துவமனைக்கு யார் போவது என்று கேட்பதே போதிய தொடக்கமாகும்.