அபாய வகை வேறு, அணையின் பலம் வேறு!

(முல்லைப் பெரியாறு உரிமை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



ஒரு பழைய அணையை ‘உயர் அபாய வகை’ என்று யாராவது சொன்னால், உடனே அது உடையப் போகிற அணை என்று பீதி கிளப்புகிறார்கள். நம்ம ஆட்களோ அதைக் கேட்டதும் கோபப்படுறாங்க. இரண்டுமே தப்பு.

டிரான்ஸ்பார்மரில் மண்டை ஓடு போட்ட பலகை தொங்குது. டிரான்ஸ்பார்மர் கெட்டுப்போச்சுன்னா அர்த்தம்? தொட்டால் உயிர் போகும்னு அர்த்தம். அணைக்குப் போடும் அபாய வகையும் அப்படித்தான். ஒருவேளை உடைந்தால் கீழே எத்தனை உயிர், எத்தனை வீடு போகும் என்று பார்த்துப் போடுவது. நேற்றுக் கட்டிய அணையாக இருந்தாலும், கீழே ஊர் இருந்தால் உயர்ந்த வகைதான். அணையின் பலம் தனிக் கணக்கு. கசிவு, விரிசல், நில அதிர்வு, வெள்ளத்தை வெளியேற்றும் திறன் எல்லாம் சோதித்துச் சொல்வது அது.

அந்தக் கணக்கு என்ன சொல்லுது? 1895-ல் சுண்ணாம்பு, சுர்க்கிக் கலவையில் கட்டி முடித்த அணை இது. 1979-ல் 152 அடியை 136 ஆக இறக்கினார்கள். 104 அடிக்குக் கீழே உள்ள தண்ணீர் நம்ம சுரங்கத்துக்கு ஏறாது. அப்படின்னா நமக்கு மிஞ்சியது எவ்வளவுன்னு நீங்களே பாருங்க. அந்தத் தண்ணிதான் லோயர் கேம்பில் மின்சாரம் எடுத்துவிட்டு நம்ம வயலுக்கு வருது.

அதன்பிறகு அணையின் தலையில் கான்கிரீட் எடை ஏற்றினார்கள். உடம்பைத் துளைத்து எஃகு கேபிளைப் பாறையோடு கட்டினார்கள். பின்பக்கம் கான்கிரீட் தாங்கல் கொடுத்தார்கள். 2006-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்கலாம் என்றது. நீதிபதி ஆனந்த் குழு 2012-ல் அணை பத்திரமாக இருக்கிறது என்றது. 2014 மே 7 தீர்ப்பு 142 அடியை உறுதி செய்தது. அந்த நவம்பரிலேயே 142 அடி தேக்கிக் காட்டினோம்.

பக்கத்தில் உள்ள பேபி அணையைப் பலப்படுத்தும் வேலைக்கு 15 மரம் வெட்ட 2021-ல் அனுமதி கொடுத்த கேரள அரசு, சில நாளிலேயே அதை ரத்து செய்தது. பலவீனம்னு சொல்றவங்களே பலப்படுத்த விடமாட்டேன்னா, இது என்ன நியாயம்?

ஆனால் ஒன்று. வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து மக்களின் பயத்தைக் கிண்டல் பண்ணாதீங்க. அந்த எஸ்டேட்டுகளில் தேயிலை பறிப்பவர்களில் நம்ம சொந்தபந்தமும் உண்டு. ராத்திரி மழை கொட்டும்போது அவர்களுக்குத் தூக்கம் வராது. அணை நம்ம அரசின் பராமரிப்பில் இருப்பதால் அவர்கள் உயிருக்கும் நாம் பொறுப்பு.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்லுது. அவசரகாலச் செயல்திட்டம் வேணும், சுதந்திரமான நிபுணர் குழுவின் முழு ஆய்வு வேணும். சட்டம் கொடுத்த கெடு 2026 டிசம்பர். ஆய்வுக்கு நாம் பயப்பட வேண்டியதில்லை. ஆய்வுதான் நமக்குச் சாட்சி.

நமது கோரிக்கைகள்:

1. பேபி அணைப் பணியைத் தடையின்றி முடிக்க வேண்டும்.
2. கசிவு, அதிர்வு அளவுகளை மாதந்தோறும் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிட வேண்டும்.
3. தண்ணீர் திறக்கும் முன் கீழேயுள்ள கிராமங்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தர வேண்டும்.
4. பலப்படுத்தும் பணி முடிந்ததும் நிபுணர் ஆய்வு நடத்தி 152 அடிக்கு உயர்த்த வேண்டும்.

தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் விவசாயிகளே, ஒன்றுபடுவோம்! உரிமையையும் கேட்போம், உயிரையும் காப்போம்!