குழந்தையின் காலளவில் ஒரு நகர்வலம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அறிஞர் பலர் இலக்கியம் பேசிய இம்மேடையில் ஊர் சுற்றுவதைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று முதலில் தயங்கினோம். ஆயினும், நம் காலனியில் பிறந்து வளரும் குழந்தைகள் இந்த மும்பை மாநகரை எவ்வாறு அறிவர்? வீடு, பள்ளி, மின்சார ரயிலின் சன்னல் ஆகிய மூன்றின் வழியாகவே அறிவர். ஊரிலிருந்து உறவினர் வந்தால் வாடகைக் கார் பிடித்து நகரைக் காட்டுகிறோம். அப்போது குழந்தைகள் மடியில் உறங்கியபடி உடன் வருகிறார்கள். குழந்தைக்கென்றே ஒரு நாளை ஒதுக்கிக் கைபிடித்து நடந்து காட்டியவர் நம்மில் எத்தனை பேர்? அவ்வாறு காட்ட முற்பட்டு, முதல் முறை தவறி, மறுமுறை ஓரளவு தேறிய அனுபவத்தையே இங்குக் கூற வந்துள்ளோம்.

எங்கள் மகளுக்கு அப்போது வயது 6. புறப்படுவதற்கு முதல்நாள் இரவு ஒரு தாளில் ஒன்பது இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக வந்து சேரும் நேரத்தையும் புறப்படும் நேரத்தையும் குறித்தோம். ரயில்வே குமாஸ்தாவின் வீட்டில் வேறு எப்படித் திட்டம் போடுவார்கள்?

சத்ரபதி சிவாஜி மகாராஜ் நிலையத்தில் இறங்கி, வெளியே வந்து நின்று, அக்கட்டடத்தின் பெருமைகளை விளக்கத் தொடங்கினோம். 1878-இல் வேலை தொடங்கியது, எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் என்பவர் வடிவமைத்தார், 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று என்று அடுக்கினோம். திரும்பிப் பார்த்தால் குழந்தையைக் காணோம்!

அந்தப் பத்து நிமிடங்களை இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. துணைவியார் ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமுமாக ஓடினோம். கடைசியில், வாயில் தூணின் மேல் அமர்ந்துள்ள கற்புலியை அண்ணாந்து பார்த்தவாறு அவள் நின்றுகொண்டிருந்தாள். “அப்பா, இந்தப் புலி ராத்திரியில் கீழே இறங்கி வருமா?” என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை; அச்சமும் கோபமும் சேர ஓர் அடி கொடுத்துவிட்டோம். பிறகும் திட்டத்தை விட்டோமா? இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தோம். ஃபுளோரா நீரூற்று அருகே நடைபாதையில் உட்கார்ந்து அழுதவள், “இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன்” என்றாள். ஒன்பதில் இரண்டை மட்டும் கண்டு வீடு திரும்பினோம்.

அன்றிரவு துணைவியார், “அவள் பார்த்ததை நாம் பார்க்கவில்லை, நாம் சொன்னதை அவள் கேட்கவில்லை. யாருக்காகப் போனோம்?” என்றார். அக்கேள்விக்கு விடை காண எங்களுக்கு ஆறு மாதங்கள் ஆயின.

மறுமுறை செய்த ஏற்பாடுகளைச் சொல்லுகிறோம். முதலாவது, தொலைவு. நிலையத்திலிருந்து இந்தியாவின் நுழைவாயில் வரை ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். நமக்கு அரை மணிக்குச் சற்று மேற்பட்ட நடை. குழந்தைக்கோ அது ஒரு முழுக் காலைப்பொழுது. ஆகவே நான்கு மணி நேரம் ஒதுக்கினோம். இரண்டாவது, நாள். கோட்டைப் பகுதி அலுவலகங்கள் நிறைந்தது. ஞாயிறன்று நெரிசல் குறைவு. ஆனால் ஞாயிறு பகலில் தண்டவாளப் பராமரிப்புக்காக மெகா பிளாக் வைப்பதுண்டு. அறிவிப்பைப் பார்த்து விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும். வெயில் தாழ்ந்த டிசம்பர், ஜனவரி மாதங்களே ஏற்றவை. மூன்றாவது, நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே கழிப்பறைக்கு அழைத்துச் சென்றுவிட வேண்டும். நான்காவது, குழந்தையின் சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். குழந்தை தவறிவிட்டால் 1098 என்ற எண்ணும், ரயில் நிலையமாயின் 139 என்ற எண்ணும் உதவும். பயணச்சீட்டைப் பொறுத்தவரை, 5 வயது நிறையாதவர்களுக்குக் கட்டணமில்லை. அதற்கு மேல் 12 வயது நிறையும் வரை அரைக் கட்டணம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, இடங்களின் பட்டியலைக் கிழித்துப் போட்டோம். அருங்காட்சியகத்தையும் எலிபெண்டாவையும் வேறு நாட்களுக்கு விட்டோம். “எங்கே நிற்க வேண்டும் என்பதை நீயே சொல்” என்று மகளிடம் கூறிவிட்டோம்.

அவள் நேரே புலியிடம் சென்றாள். இம்முறை நாங்களும் அண்ணாந்து பார்த்தோம். ஒரு தூணில் புலி, மற்றொன்றில் சிங்கம். புலி இந்தியாவையும் சிங்கம் பிரிட்டனையும் குறிக்கும் என்றோம். கும்மட்டத்தின் உச்சியில் தீப்பந்தமும் சக்கரமும் ஏந்தி நிற்கும் பெண்ணுருவை அவளே கண்டுபிடித்தாள். 1853 ஏப்ரல் 16 அன்று இப்பகுதியிலிருந்து தானேவுக்கு முதல் பயணி ரயில் சென்றதையும், அதை மூன்று எஞ்சின்கள் இழுத்ததையும் கதையாகச் சொன்னோம். “தாத்தாவும் இங்கேதான் தகரப்பெட்டியோடு வந்து இறங்கினார்” என்றபோது, எந்த இடம் என்று காட்டச் சொன்னாள்.

தாதாபாய் நௌரோஜி சாலையில் கட்டடங்களின் கீழே தூண்கள் தாங்கும் நிழற்பாதை உண்டு. குழந்தையோடு நடக்க ஏற்றது. அவள் தூண்களை எண்ணிக்கொண்டே வந்ததால் கால் வலியை மறந்தாள். ஓர் இரானி கடையில் பன் மஸ்காவும் தேநீரும் உண்டோம். ஃபுளோரா நீரூற்றுக்கு அருகிலுள்ள ஹுதாத்மா சௌக்கில், மராத்தி மொழி பேசுவோருக்கு மும்பையோடு கூடிய மாநிலம் வேண்டிப் போராடி உயிர் நீத்தவர்களின் நினைவுச்சின்னம் உள்ளது. 1960 மே 1 அன்று அம்மாநிலம் பிறந்தது. தாய்மொழியின்பால் மக்களுக்குள்ள பற்றைப் பற்றித் தமிழ்க் குழந்தைக்கு விளக்குவது எளிதாகவே இருந்தது.

ஓவல் மைதானத்தில் அரை மணி நேரம் கிரிக்கெட் பார்த்தோம். எதிரே 280 அடி உயரமுள்ள ராஜாபாய் கோபுரம். பிரேம்சந்த் ராய்சந்த் என்ற வணிகர் பொருளுதவி செய்து தம் தாயின் பெயரைச் சூட்டினார்; 1878-இல் கட்டி முடிந்தது. கண்பார்வையற்ற அத்தாய், பொழுது சாயுமுன் உண்ணும் சமண நெறி தவறாதிருக்க மணியோசை உதவிற்று என்று சொல்வர். அடுத்து காலா கோடா, அதாவது கருங்குதிரை. குதிரைமேல் வீற்றிருந்த ஏழாம் எட்வர்டின் சிலையை 1965-இல் அகற்றினார்கள். பெயர் மட்டும் நிலைத்தது. 2017-இல் ஏறியவர் இல்லாத கருங்குதிரைச் சிலையொன்று அங்கு வந்தது. “ராஜா எங்கே?” என்றாள் மகள். “ராஜா போய்விட்டார், குதிரை நம்முடையது” என்றார் துணைவியார்.

இந்தியாவின் நுழைவாயிலில் புறாக்களே அவளுக்குப் பெரிதாயின. ஐந்தாம் ஜார்ஜ் 1911-இல் வந்ததன் நினைவாக எழுந்து, 1924-இல் திறக்கப்பட்ட அவ்வாயில் வழியாகவே, 1948 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு வெளியேறியது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டோம்.

அன்பர்களே, அடுத்த கோடையில் திருநெல்வேலியிலிருந்து எங்கள் உறவுப் பிள்ளைகள் வந்திருந்தனர். அவர்களிடம் மகள், “எங்க ஊர்ல கல்லால செஞ்ச புலி இருக்கு. வாங்க, காட்டறேன்” என்றாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்நகரில் உண்டு உழைத்தும், ‘ஊர்’ என்றால் எங்களுக்குத் தாமிரபரணிக் கரைதான். இவளோ அந்த ஊரின் மொழியிலேயே இந்த நகரைத் தன் ஊர் என்கிறாள். அது தவறன்று. இரண்டு ஊர் உடையவர் ஓர் ஊரும் இல்லாதவர் ஆகிவிடக் கூடாது.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் குளிர்காலத்தில் ஐந்து குழந்தைகளுக்கு இரண்டு பெரியவர்கள் வீதம் இத்தகைய நடைகளை ஏற்பாடு செய்வோம். கால அட்டவணை வேண்டா. வழியைத் தமிழில் பேசிக்கொண்டே நடப்போம். குழந்தை நிற்குமிடத்தில் நாமும் நிற்போம்.